வேலை போனதை ஊர்ல சொல்லலாமா, இல்ல ஒர்க் ஃப்ரம் ஹோம்னே ஓட்டலாமா?

குடமுருட்டி (ஞாயிறு, இரவு 11:40)

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் போற ஆளு, மொத தடவை எழுதுறேன். பாபநாசம் பக்கம் கிராமம். சென்னையில நாலரை வருஷம் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை (தப்பு இருக்கான்னு சோதிக்கிறது), பாதி மேனுவல் பாதி ஆட்டோமேஷன். போன மார்கழியில ப்ராஜெக்ட் முடிஞ்சுதுன்னு பெஞ்ச்ல (வேலை குடுக்காம சும்மா உக்கார வைக்கிறது) போட்டாங்க, தையில கூப்பிட்டு நீங்களே ராஜினாமா எழுதி குடுத்துடுங்கன்னாங்க, குடுத்துட்டேன் (எழுதியிருக்க கூடாதுன்னு இப்ப தெரியுது, அது தனி கதை). ரூமை காலி பண்ணிட்டு ஊருக்கு வந்து அஞ்சு மாசம் ஆச்சு.

அம்மாவுக்கு மட்டும் தான் முழுசா தெரியும். அப்பாவுக்கு அரைகுறை. தெருவுல எல்லாருக்கும் ஒர்க் ஃப்ரம் ஹோம். காலையில ஒன்பது மணிக்கு லேப்டாப்பை திறந்து வச்சுட்டு ஹெட்செட்டை மாட்டிக்கிட்டு ஜன்னல் ஓரமா உக்காந்துடுவேன், எதிர் வீட்டு பெரியப்பா திண்ணையில இருந்து பாத்தா மீட்டிங்ல இருக்க மாதிரியே இருக்கும். ஒரு நாள் கரண்ட் போயிருந்த நேரம் வந்து "ஏன்டா தம்பி, நெட்டு இல்லாம யார்ட்டடா பேசுற"ன்னு கேட்டாரு. ஹாட்ஸ்பாட்னு சொல்லி சமாளிச்சேன். இதுல பொண்ணு வேற பாக்குறாங்க, ஜாதகத்தோட சேத்து சம்பளமும் எழுதி அனுப்பியாச்சு, பழைய சம்பளம்.

வேலை தேடுற போர்ட்டல்ல 200க்கு மேல அப்ளை பண்ணிட்டேன். நெறய பேருக்கு நேரடியா ரெஸ்யூம் மெயில் பண்ணிருக்கேன், ஒரு போன் கூட வரல. வீடியோ போடுறவன் எல்லாம் நெட்வொர்க்கிங் பண்ணு நெட்வொர்க்கிங் பண்ணுங்குறான். எங்க ஊர்ல டவரே ரெண்டு புள்ளி தான் வருது. நெசமாவே கேக்குறேன், நம்ம பக்கத்து ஆளுங்க இதை எப்படி பண்ணீங்க? ஊர்ல சொன்னா மானம் போயிடுமா இல்ல ஏதாவது பிரயோஜனம் உண்டா?

மாயரம் மைனர் (ஞாயிறு, இரவு 11:52)

அஞ்சு மாசமா ஹெட்செட் மாட்டி நடிச்சிருக்கீங்க, உங்களுக்கு டெஸ்டிங்கை விட ஆக்டிங்ல ஸ்கோப் ஜாஸ்தி. சாரி ப்ரோ, தூக்கம் வரல. நானும் 2020ல இதே மாதிரி ஏழு மாசம் ஓட்டுனேன், அப்ப கொரோனா, அதனால ஊரே ஒர்க் ஃப்ரம் ஹோம், எவனும் கேக்கல.

வலங்கைமான் ஹெச்ஆர் (திங்கள், காலை 7:15)

தம்பி, நான் சென்னையில 11 வருஷமா ரெக்ரூட்மென்ட்ல இருக்கேன், சொந்த ஊரு வலங்கைமான். உள்ள எப்படி நடக்குதுன்னு சொல்றேன், அப்புறம் நீங்களே முடிவு பண்ணுங்க.

ஒரு இடம் காலியானா மொதல்ல டீமுக்குள்ளயே யாராவது தெரிஞ்ச ஆள் இருக்காங்களான்னு கேப்பாங்க. அப்புறம் எம்ப்ளாயீ ரெஃபரல், அதாவது கம்பெனில வேலை பாக்குறவங்க சிபாரிசு பண்ற ஆளு. அதுக்கும் ஆள் கெடைக்கலன்னா தான் போர்ட்டல்ல வர்ற குவியலை நாங்க கிளற ஆரம்பிப்போம், அந்த குவியல்ல நூத்துக்கணக்குல கிடக்கும், மேல இருக்குறதை பாப்போம், கீழ இருக்குறது அப்படியே கிடக்கும், இது தான் உண்மை. நீங்க 200 தடவை அந்த குவியலோட அடியில போய் படுத்திருக்கீங்க.

எனக்கு ஒரு நாளைக்கு வர்ற மெசேஜ்ல முக்காவாசி "ஹாய் மேம், எனி வேகன்சி?" மட்டும் தான். அதுக்கு நான் என்ன பதில் சொல்றது, என்ன வேலை, எத்தனை வருஷம், எந்த ஊரு ஒண்ணும் தெரியாது. ஆனா ஒரு பையனை மட்டும் இன்னும் ஞாபகம் இருக்கு. ஒரு கல்யாணத்துல பந்திக்கு நிக்கும்போது பக்கத்துல நின்னான், ரெண்டு நிமிஷம் தான் பேசுனோம். உர கடை பில்லிங் சாஃப்ட்வேர் ஒண்ணை டெஸ்ட் பண்ணுனானாம், எண்ணிக்கை கட்டத்துல மைனஸ் 3 மூட்டை யூரியான்னு அடிச்சா கடைக்காரர் நமக்கு காசு தர்ற மாதிரி பில்லு வந்துச்சாம். நான் சிரிச்சுட்டேன். அப்ப என்கிட்ட ஓபனிங் எதுவும் இல்ல. ஏழு மாசம் கழிச்சு டெஸ்டர் வேணும்னு கேட்டப்ப எனக்கு அவன் பேரு மறந்துடுச்சு, கல்யாண வீட்டுக்கு போன் பண்ணி "அந்த யூரியா பையன் நம்பர் இருக்கா"ன்னு கேட்டேன். இப்பவும் அங்க தான் இருக்கான், டீம்ல பேரே யூரியா தான்.

உங்களுக்கு அப்படி ஒரு பக் (சாஃப்ட்வேர்ல இருக்குற தப்பு) கதை இல்லாமலா இருக்கும் நாலரை வருஷத்துல?

இன்னொண்ணு, இது யாரும் சொல்ல மாட்டாங்க. யாராவது ரெஃபர் பண்றேன்னு சொன்னா அந்த கம்பெனி சைட்ல நீங்களா முன்னாடியே அப்ளை பண்ணிடாதீங்க. நெறய கம்பெனில உங்க பேரு சிஸ்டத்துல ஏறிட்டா அப்புறம் கொஞ்ச மாசத்துக்கு ரெஃபரல் எடுக்காது. ஆர்வக்கோளாறுல நெறய பேர் இதுல மாட்டிக்கிறாங்க.

குடமுருட்டி (திங்கள், காலை 9:05)

அக்கா ரொம்ப நன்றி. (இப்பவும் ஹெட்செட்ல தான் உக்காந்திருக்கேன்.) பழைய கம்பெனி ஆளுங்களுக்கு மெசேஜ் பண்ண கூச்சமா இருக்கு, ரெண்டு வருஷமா ஒரு பொங்கல் வாழ்த்து கூட அனுப்பல, இப்ப வேலை வேணும்னு போய் நின்னா காரியக்காரன்னு நெனைக்க மாட்டாங்களா?

கும்மோணம் கணக்கு வாத்தி (திங்கள், மதியம் 1:30)

கூச்சம்னதும் எங்க ஊர்க்காரர் ஒருத்தர் ஞாபகம் வர்றாரு. சாரங்கபாணி சன்னதி தெருவுல இருந்தவர், ராமானுஜன். அவரை கணித மேதைன்னே எல்லாரும் பேசுறோம், அவரு வேலை தேடி அலைஞ்ச கதையை யாரும் பேசுறதில்ல. நான் ஒவ்வொரு வருஷமும் ப்ளஸ் டூ பசங்களுக்கு இதை சொல்லுவேன், அவனுங்க கணக்கை மறந்தாலும் இதை மறக்குறதில்ல.

காலேஜ்ல ஸ்காலர்ஷிப் போச்சு, கணக்கை தவிர எல்லாத்துலயும் ஃபெயில், டிகிரி கிடையாது, 1909ல கல்யாணம் வேற ஆயிடுச்சு. 1910ல திருக்கோவிலூருக்கு போறாரு. அங்க டெபுடி கலெக்டரா இருந்தவர் வி. ராமசாமி ஐயர், முன்ன பின்ன பழக்கம் இல்லாத ஆளு, ஆனா இந்திய கணித சங்கத்தை ஆரம்பிச்சவர். போய் கேட்டது ஒரு குமாஸ்தா வேலை தான். காட்டுனது நோட்டு புக்கு. அவரு நோட்டை பாத்துட்டு இந்த ஆளை ரெவின்யூ ஆபீஸ்ல கடைநிலையில போட்டு அடைச்சு வைக்க கூடாதுன்னு சென்னைக்கு லெட்டர் குடுத்து அனுப்புனாரு. அங்க சேஷு ஐயர், அவரு கும்மோணம் காலேஜ்ல ராமானுஜனுக்கு பாடம் எடுத்தவர், ரொம்ப நாளா தொடர்பு இல்ல. அவரு நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ்கிட்ட அனுப்புறாரு. ராவ் மொதல்ல முழுசா நம்பல, அப்புறம் நம்பி மாசம் 25 ரூபா கொஞ்ச காலம் குடுத்தாரு. கடைசியில 1912 மார்ச் 1, சென்னை துறைமுகத்துல மாசம் 30 ரூபா சம்பளத்துல கிளார்க். அங்க மேல இருந்த நாராயண ஐயர் யாருன்னா அதே கணித சங்கத்தோட பொருளாளர்.

தம்பி கவனிங்க, இதுல ஒருத்தர் கூட சொந்தக்காரர் இல்ல, உயிர் நண்பன் இல்ல. பாதி பேர் அன்னைக்கு தான் மொகத்தை பாக்குறாங்க. கூட போனது ஒரு நைஞ்சு போன நோட்டு புக்கு, யூரியா பையனுக்கு யூரியா மாதிரி. அப்புறம் 1913 ஜனவரியில கேம்பிரிட்ஜ் கணிதக்காரர் ஹார்டிக்கு லெட்டர் போட்டாருன்னு எல்லாருக்கும் தெரியும், அதுக்கு முன்னாடி கேம்பிரிட்ஜ்லயே ரெண்டு பெரிய பேராசிரியருங்களுக்கு எழுதி ஒண்ணும் நடக்கலங்குறதை யாரும் சொல்ல மாட்டாங்க. நீங்க ரெண்டு மெசேஜுக்கு பதில் வரலன்னா போனை தூக்கி போட்டுடுறீங்க.

தாளடி (திங்கள், மாலை 6:48)

வாத்தியார் ஐயா கதை நல்லா தான் இருக்கு. ஆனா நீங்க சொன்ன பேரை எல்லாம் வரிசையா ஒரு தடவை படிச்சு பாருங்க. ராமசாமி ஐயர், சேஷு ஐயர், நாராயண ஐயர், நடுவுல ஒரு ராவ். ராமானுஜனோட நோட்டு புக்கு நைஞ்சிருந்தாலும் அதை கக்கத்துல வச்சுக்கிட்டு டெபுடி கலெக்டர் வீட்டு வாசப்படி ஏற முடிஞ்சுது. 1910ல எங்க தாத்தா அந்த நோட்டோட போயிருந்தா வாசல்லயே நிக்க விட்டிருப்பாங்களா?

கோவமா சொல்லல. எங்க ஊரு திருத்துறைப்பூண்டி பக்கம், அப்பா அம்மா ரெண்டு பேரும் நடவு, களை, அறுப்புன்னு கூலிக்கு போறவங்க, வீட்டுல மொத பட்டதாரி நான் தான். காலேஜ்ல கூட படிச்சவளுக்கு மாமா பேங்க்ல, சித்தப்பா செக்ரட்டேரியட்ல. எனக்கு தெரிஞ்ச ஒரே ஆபீசர் ரேஷன் கடைக்காரர். நெட்வொர்க் பண்ணுன்னு சொல்றவங்க ஏற்கனவே வலைக்குள்ள பொறந்தவங்க.

ஆனா நான் எப்படி வெளிய வந்தேன்னும் சொல்லணும்ல. எங்க ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு ஜெராக்ஸ் கடை. டிஎன்பிஎஸ்சி ஃபார்ம் போட போனப்ப அந்த அக்கா தான் சொன்னாங்க, திருவாரூர்ல மாவட்ட வேலைவாய்ப்பு ஆபீஸ்ல தன்னார்வ பயிலும் வட்டம்னு இலவச கிளாஸ் நடக்குது, அங்க போன்னு. போனேன். கிளாஸை விட பெருசா கெடைச்சது அங்க பாத்த மூணு பொண்ணுங்க. நாலு பேரும் நாலு ஊரு, நாலு ஜாதி, ஒருத்திக்கு கல்யாணமாகி கைக்குழந்தை. ஞாயித்துக்கிழமை ராத்திரி எட்டரை மணிக்கு கான்ஃபரன்ஸ் கால். இந்த வாரம் என்ன படிச்ச, எங்க அப்ளை பண்ண, உனக்கு என்ன வேணும், அவ்ளோ தான், நாப்பது நிமிஷம். ஒருத்தி புக்கு வாங்குனா அதோட ஜெராக்ஸ் நாலு வீட்டுக்கும் பஸ்ல போகும், கண்டக்டர்ட்ட குடுத்து விடுவோம். ஃபெயிலானப்ப அழுதா அழ விடுவோம், ஆனா அடுத்த ஞாயிறு கட்டாயம் கால்ல வரணும்.

ரெண்டரை வருஷம். நான் குரூப் 4ல பாஸ் பண்ணி இப்ப ஒரு தாலுகா ஆபீஸ்ல இருக்கேன். ஒருத்தி தஞ்சாவூர்ல தனியார் கம்பெனி, அவ மூலமா இன்னொருத்தியும் அங்கயே. கைக்குழந்தைக்காரி இன்னும் எழுதிட்டு இருக்கா, நாங்க மூணு பேரும் இன்னும் ஞாயிறு கால்ல இருக்கோம்.

அப்புறம் வேலைவாய்ப்பு ஆபீஸ்ல பதிஞ்சு வைக்குறதை யாரும் கேவலமா நெனைக்காதீங்க, மூணு வருஷத்துக்கு ஒருக்கா புதுப்பிக்க மறக்காதீங்க. பதிஞ்சு அஞ்சு வருஷம் ஆகியும் வேலை இல்லன்னா, வீட்டு வருமானம் வருஷம் 72,000க்குள்ள இருந்தா, டிகிரிக்கு மாசம் 600 ரூபா உதவித்தொகை மூணு வருஷத்துக்கு உண்டு. சிரிக்காதீங்க, எனக்கு பஸ் செலவு அதுல தான் ஓடுச்சு. தனியார் கம்பெனி வர்ற முகாம் வெள்ளிக்கிழமைல நடக்கும், தேதியை ஆபீஸ்லயே கேட்டுக்கலாம்.

கும்மோணம் கணக்கு வாத்தி (திங்கள், இரவு 9:20)

தாளடிம்மா, நீங்க சொன்னது நியாயம். இருபது வருஷமா இந்த கதையை சொல்றேன், அந்த பேரு வரிசை என் கண்ணுல படவே இல்லங்குறது எனக்கே கொஞ்சம் உறுத்துது. இனிமே கிளாஸ்ல அதையும் சேத்து தான் சொல்லணும்.

உங்க நாலு பேர் கதைக்கு ஒரு கணக்கு இருக்கு. அமெரிக்காவுல கிரானோவெட்டர்னு ஒரு சமூகவியல்காரர் 1973ல ஒரு கட்டுரை எழுதுனாரு. தெரிஞ்சவங்க மூலமா வேலை கெடைச்ச ஆளுங்ககிட்ட போய், சொல்லி விட்டவரை எவ்ளோ அடிக்கடி பாப்பீங்கன்னு கேட்டாரு. வாரத்துக்கு ரெண்டு தடவையாவது பாக்குற நெருக்கமான ஆள் மூலமா கெடைச்சது 100ல 17 பேருக்கு தான். மிச்சம் 83 பேருக்கும் எப்பவாவது பாக்குறவங்க, வருஷத்துக்கு ஒரு தடவையோ அதை விட கம்மியாவோ பாக்குறவங்க. காரணம் பெரிய ரகசியம் இல்ல, நம்ம நெருங்குன கூட்டாளிக்கு தெரிஞ்சது நமக்கும் தெரியும், அவனும் நம்மளோட அதே டீக்கடையில தான உக்காந்திருக்கான். 2022ல லிங்க்ட்இன்ல ரெண்டு கோடி பேரை வச்சு பெரிய ஆராய்ச்சி பண்ணாங்க, அதுல இன்னும் கொஞ்சம் திருத்தம், ரொம்ப தூரத்து ஆளும் இல்ல, நடுவாந்தரமான பழக்கம் தான் அதிகம் உதவுதுன்னு வந்துச்சு. குடமுருட்டி தம்பி, ரெண்டு வருஷமா பேசாத பழைய ஆபீஸ் ஆளுங்க அந்த நடுவாந்தரம் தான்.

எதிர்க்காத்து (செவ்வாய், காலை 10:11)

நெட்வொர்க்கிங்னா கோட்டு போட்ட ஜால்ரா. திறமை இருந்தா வேலை தானா வரும்.

மாயரம் மைனர் (செவ்வாய், காலை 10:14)

வந்து கதவை தட்டும், நீங்க ஹெட்செட் போட்டிருந்தா காதுல விழாது.

சபுராளி (செவ்வாய், மாலை 4:02)

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் முத்துப்பேட்டை, 14 வருஷம் சபுர்ல (வெளிநாட்டு வேலையில) இருந்துட்டு இப்ப ஊரோட வந்துட்டேன். ஒரு விஷயம் யாரும் எழுதலையேன்னு எழுதுறேன். வேலை போயிடுச்சுன்னு வெளிய சொன்னா நல்லவன் காதுலயும் விழும், ஏஜென்ட் காதுலயும் விழும். ஒரு வாரத்துல வீட்டு வாசல்ல வந்து நிப்பான், தம்பி துபாய்ல இருக்கு, கத்தார்ல இருக்கு, விசிட் விசால போ, அங்க போய் வேலை விசாவா மாத்திக்கலாம்பான். எங்க தெருவுல ஒரு பையன் நகையை அடமானம் வச்சு ஒன்னே கால் லட்சம் குடுத்தான், போனவன் மூணு மாசம் ரூமுக்குள்ளயே இருந்துட்டு திரும்பி வந்தான்.

ஏஜென்ட்னா அவன் லைசென்ஸ் நம்பர் கேளுங்க, மத்திய அரசோட இமைக்ரேட் சைட்ல போட்டு பாருங்க, அதுல இல்லாதவன் ஏஜென்ட் இல்ல. சர்வீஸ் சார்ஜ்னு அவன் வாங்கலாம்னு இருக்குறதே அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதுக்கு ஜிஎஸ்டியும் தான், அதுக்கும் ரசீது உண்டு. ரசீது கேட்டதும் எவன் மொகம் மாறுதோ அவனை டீ வாங்கி குடுத்து அனுப்பிடுங்க.

எனக்கு மொத வேலை வாங்கி குடுத்தது ரூம்ல சமைச்சு போட்ட ஒரு மன்னார்குடி அண்ணன். அவருக்கு நான் சொந்தமும் இல்ல, எங்க மார்க்கமும் இல்ல. தெனமும் நான் பாத்திரம் கழுவி குடுப்பேன், அது தான் எங்களுக்குள்ள பழக்கம். அவரு பேசுன ஃபோர்மேன் கிட்ட "இந்த பையன் சொல்லாமலே கழுவுவான்"னு மட்டும் தான் சொன்னாராம்.

வலங்கைமான் ஹெச்ஆர் (செவ்வாய், இரவு 8:30)

குடமுருட்டி தம்பி, எழுத தெரியலன்னு சொன்னீங்கன்னா இந்த மாதிரி அனுப்புங்க, நீட்டி முழக்காதீங்க:

"அண்ணே, நான் இன்னார், 2022ல பில்லிங் ப்ராஜெக்ட்ல உங்க டீம்ல ஆறு மாசம் இருந்தேன், ரிலீஸ் அன்னைக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு பரோட்டா வாங்கிட்டு வந்தது நான் தான். ஜனவரியோட அந்த கம்பெனிய விட்டு வந்துட்டேன். ஆட்டோமேஷன் டெஸ்டிங், நாலரை வருஷம், சென்னை, தஞ்சாவூர் ரெண்டும் சரி. உங்க பக்கம் யாராவது தேடுனா என் பேரை சொல்ல முடியுமா? ரெஸ்யூம் கூட வச்சிருக்கேன். இப்ப இல்லன்னாலும் பரவால்லண்ணே."

கடைசி வரி முக்கியம், அவருக்கு தப்பிக்க ஒரு வழி விடணும், அப்ப தான் அடுத்த தடவை போன் எடுப்பாரு. ரெஸ்யூமை அனுப்புறதுக்கு முன்னாடி யாராவது ஒருத்தர்ட்ட காட்டுங்க. யார்னாலும் பரவால்ல.

குடமுருட்டி (ஒன்பது நாள் கழிச்சு, வியாழன், இரவு 10:25)

எல்லாருக்கும் அப்டேட். எப்படி எழுதுறதுன்னு தெரியல, சிரிப்பா வருது அழுகையா வருது.

தாளடி அக்கா சொன்னாங்களேன்னு பாபநாசத்துல ஒரு ஜெராக்ஸ் கடைக்கு ரெஸ்யூம் பிரின்ட் எடுக்க போனேன். கடைக்கார அக்கா பிரின்ட்டை கையில வாங்கி மேலோட்டமா பாத்துட்டு, "ஏந்தம்பி, போன் நம்பர்ல ஒன்பது எண்ணு தான இருக்கு"ன்னாங்க. எண்ணி பாத்தேன். ஒன்பது தான். ஊருக்கு வந்தப்ப டிசைன் மாத்துறேன்னு உக்காந்தேன்ல, அன்னைக்கு நம்பர்ல இருந்த 8 ஒண்ணு விட்டு போயிருக்கு. அஞ்சு மாசமா மெயில் பண்ணது எல்லாம் அந்த ரெஸ்யூம் தான். போர்ட்டல்ல நம்பர் சரியா தான் இருந்துச்சு, ஆனா நேரடியா அனுப்புன ஒருத்தனும் என்னை கூப்பிட்டிருக்கவே முடியாது. டெஸ்டர்னு வேற போட்டு வச்சிருக்கேன் மேல.

அங்கயே ஸ்டூல்ல உக்காந்துட்டேன். வீட்டுக்கு வெளிய அந்த அக்காட்ட தான் மொத மொத வாயை தொறந்து சொன்னேன், வேலை இல்லக்கா, அஞ்சு மாசமாச்சுன்னு. அவங்க அதுக்கு ஒண்ணும் அதிர்ச்சி ஆகல, "இந்த மாசத்துல நீ ஏழாவது ஆளு"ன்னுட்டு, தஞ்சாவூர் மேலவஸ்தாச்சாவடியில 2024ல திறந்த மினி டைடல் பார்க்ல (ஐடி கம்பெனிங்க இருக்குற கட்டடம்) வேலை பாக்குற பையன் ஒருத்தன் வாரா வாரம் கடைக்கு வருவான்னு சொல்லி ஒரு ரெஸ்யூமை வாங்கி லேமினேஷன் மிஷினுக்கு பக்கத்துல வச்சுக்கிட்டாங்க. பிரின்ட்டுக்கு காசு வாங்கிட்டாங்க, அதுல பாக்கி இல்ல.

வீட்டுக்கு வந்து அப்பாட்ட சொல்லிட்டேன். ரெண்டு நாள் பேசல, மூணாவது நாள் சாப்பாட்டுல உப்பு இல்லன்னு பேச ஆரம்பிச்சுட்டாரு. பெரியப்பாட்ட திண்ணையில போய் உக்காந்து சொன்னேன். கேட்டுட்டு, "அப்ப நாளைக்கு குறுவை நடவு, நாத்து கட்டு தூக்க ஆளு குறையுது, காலையில அஞ்சரைக்கு வந்துடு"ன்னாரு. போனேன். இடுப்பு இன்னும் நிமிரல. பொண்ணு வீட்டுக்கு அம்மாவே போன் பண்ணி சொன்னாங்க, யோசிச்சு சொல்றோம்னாங்க, இன்னும் யோசிக்கிறாங்க.

பழைய ஆளுங்க பதினாலு பேருக்கு ஹெச்ஆர் அக்கா மாதிரி எழுதி அனுப்புனேன். ஆறு பேர் பதிலே இல்ல. அஞ்சு பேர் பாக்குறேன்னாங்க. ரெண்டு பேர் அவங்களுக்கே வேலை போயிடுச்சாம், மூணு பேரும் சேந்து ஞாயித்துக்கிழமை கால் ஆரம்பிச்சிருக்கோம். மிச்சம் ஒருத்தர், அந்த பரோட்டா அண்ணன் (அக்கா நீங்க சும்மா எழுதுன உதாரணம், எனக்கு நெசமாவே அப்படி ஒருத்தர் இருந்தாரு, ஆனா பரோட்டா இல்ல, இடியாப்பம்), அவரு ரெஃபர் பண்ணி அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு சென்னையில நேர்ல இன்டர்வியூ. கெடைக்குமான்னு தெரியல. மைனஸ் யூரியா மாதிரி எனக்கும் ஒரு கதை இருக்கு, ஒன்பது எண்ணு போன் நம்பர், அதையே சொல்லலாமா வேணாமா?

வலங்கைமான் ஹெச்ஆர் (வியாழன், இரவு 10:41)

சொல்லுங்க தம்பி. ஆனா ரெண்டாவது சொல்லுங்க, மொதல்ல நீங்க கண்டுபுடிச்ச பக் ஒண்ணை சொல்லிட்டு.

தாளடி (வியாழன், இரவு 10:58)

அந்த ஏழு பேர்ல மிச்சம் ஆறு பேர் யாருன்னு அக்காட்ட கேட்டீங்களா?

குடமுருட்டி (வியாழன், இரவு 11:03)

கேட்கல அக்கா. நாளைக்கு போறேன். இப்ப ஒரு அவசரம், உழவன் எக்ஸ்பிரஸ்ல கும்பகோணத்துல ஏறணும், அடுத்த வியாழன் ராத்திரி வண்டி, வெயிட்டிங் 23 காட்டுது. தத்கால் எத்தனை மணிக்கு தொறக்கும்?

மாயரம் மைனர் (வியாழன், இரவு 11:05)

முந்தின நாள், புதன். ஏசி பத்து மணி, ஸ்லீப்பர் பதினொண்ணு. ஆதாரை ஐஆர்சிடிசில இப்பவே லிங்க் பண்ணி வைங்க. போன் நம்பர் கேக்கும், பத்து எண்ணு.